எல்லாம் இங்கனயே கிடைக்கி

எங்கள் அக்கா கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலர் போட வேண்டும் என்று அத்தான் சொன்னபோது, யாராவது ஒரு வாத்தியாரிடம் சொல்லி எழுதி வாங்கலாம் என்றார்கள் உறவினர்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். மீதியெல்லாம் பலசரக்குப் பொட்டலம் கட்டி வந்த தாளில் படித்தது. ஆனாலும் இதை நான்தான் எழுதியாக வேண்டும். பெண்டாட்டி படுக்கையில் கிடந்தபோது வராத மனுசன் என்று அத்தானை நம்மவர்களே பேசுகிறார்கள். அத்தான் வாய் திறப்பதில்லை. அதற்கான பதில் என்னிடம் இருக்கிறது.

குருவிகுளத்துக்குக் கிழக்கே, மானாவாரியாகப் பருத்தி போடுகிற வீட்டில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார்கள். எனக்கு ஆறு வயதில் எங்கள் அம்மா தவறிப்போனார்கள். அன்றைக்கு அக்காவுக்குப் பதினாலு வயது. அன்றிலிருந்து எனக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தது எல்லாம் அக்காதான். சங்கரன்கோவிலில் லேத் பட்டறையில் வேலை பார்த்த அத்தானுக்கு அக்காவைப் பேசி முடித்தபோது, தங்கச்சியும் என்னோடு வருவாள் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்தவர்கள் உண்டு. அத்தான் மட்டும், “உலையில இன்னும் ஒரு கை அரிசி போட்டாப் போச்சு” என்று சொல்லி எழுந்துவிட்டார்களாம். இப்படிச் சொன்னவர்தான் எங்கள் அத்தான். இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் அத்தான் துபாய்க்கு வெல்டிங் வேலைக்குப் போனார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். வீட்டில் நாலு சாமான் சேர்ந்ததும் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறினார்கள். முதல் கடிதத்தோடு, கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருவர் கையில் ஒரு பிளாஸ்க்கும் நைலான் சேலையும் சென்ட் சோப்பும் கொடுத்து விட்டிருந்தார்கள். தெருவே வந்து மோந்து பார்த்தது. அக்கா மட்டும் தொடவில்லை. அத்தனையையும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கடிதத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள். அதில், அடுத்து இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, டேப்ரெக்கார்டர் என்று அத்தான் வரிசை போட்டிருந்தார்கள்.

வாசித்து முடித்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்கள். “ஏட்டி, இதெல்லாம் வாங்குறதுக்குத்தான அவிய அங்கன கெடக்காவ? நாம முந்தி இங்கனயே வாங்கிப் போட்டுட்டா அங்கன அவியளுக்கு என்ன சோலி?” என்றார்கள்.

அக்காவின் கணக்கு அவ்வளவுதான். சாமான் மேல் ஆசைப்பட்டு அவர்கள் எதையும் வாங்கவில்லை. அத்தானைத் திரும்ப வரவழைக்கத்தான் ஒவ்வொன்றாக வாங்கினார்கள். அதிலும் நம் நாட்டில் செய்ததாகத்தான் இருக்க வேண்டும். பாரின் சாமான் ஒன்று வீட்டுக்குள் வந்தாலும், பார்த்தாயா அதற்கு அங்கேதான் போக வேண்டியிருக்கிறது என்று ஆகிவிடும் அல்லவா?

தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்த காசை எடுத்துக்கொண்டு ரத வீதிக் கடைக்கு நாங்கள் இரண்டு பேரும் போவோம். கடைக்கார அண்ணாச்சி எங்கள் தலையைக் கண்டதுமே, “வாங்க துபாய்க்காரம்மா, நாட்டுச் சாமானெல்லாம் மூஞ்சி கழுவிட்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு” என்பார். முதலில் பிளாஸ்க் வாங்கினோம். மறுநாள் காலையில் கொதிக்கக் கொதிக்கக் காப்பியை ஊற்றியதும் உள்ளே டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடி தூள்தூளாகிவிட்டது. தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினோம். “நம்ம நாட்டுக் குப்பி கொஞ்சம் ரோசக்காரிம்மா. எடுத்ததும் சூடாப் பேசக் கூடாது. வெதுவெதுப்பா ஊத்திப் பழக்கணும்” என்று சொல்லி வேறொன்று கொடுத்தார். அதைப் பழக்கினோம். இன்றைக்கும் உடையாமல் இருக்கிறது.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. சாமான் எந்த நாட்டில் செய்தது என்று அடியில் இருக்கும் இங்கிலீஷை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள். கடைசி வார்த்தையைப் பார், முதல் எழுத்து கம்பு ஊன்றின மாதிரி நேராக நிற்கும், எண்ணினால் மொத்தம் ஐந்து எழுத்து இருக்கும், அதுதான் இந்தியா என்று சொல்லிக் கொடுத்தேன். பெரிய படிப்பாளி மாதிரிச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் திருநெல்வேலி ஜங்ஷன் நடைபாதையில் ஒரு கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கம்பு இருக்கிறது, ஐந்து எழுத்தும் இருக்கிறது என்று அக்காவே சொந்தமாக வாங்கி வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் முகத்தில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “எம்மா, இது இத்தாலி” என்றார். கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அழுதார்கள். ஒரு கத்தரிக்கோலுக்கு இப்படி அழுவார்களா என்று நான் கேட்டதற்கு, “எனக்கு மட்டும் எல்லாமே தூர தேசமாவே வந்து வாய்க்கி” என்றார்கள்.

இஸ்திரிப் பெட்டிக்குப் பிறகு மின்விசிறி. கோயம்புத்தூர்ச் சாமான் என்று அண்ணாச்சி சொன்னார். போட்டால் கறக் கறக்கென்று சத்தம் வரும். மாற்றித் தருகிறேன் என்று அவரே சொல்லியும் அக்கா வேண்டாம் என்றுவிட்டார்கள். சத்தம் இருந்தால் வீட்டில் இன்னோர் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறதாம்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு வாய் நீளம். வெளிநாட்டுப் புருசனை வைத்துக்கொண்டு உள்நாட்டுச் சாமானுக்கு அலைகிறாளே என்று ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் வைத்தே கேட்டுவிட்டார்கள். “எங்க புருசனும் உள்நாட்டுச் சாமான்தான் மதினி. இடம் மாறிப் போய்க் கெடக்கு” என்று அக்கா திருப்பிக் கொடுத்ததைத் தெருவில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளை குட்டி இல்லையா என்று கேட்டவர்களுக்கும் அக்காவிடம் ஒரு பதில் இருந்தது. “அதுக்கு மனுசன் ஊர்ல இருக்கணும்லா?” என்பார்கள். இதற்கு யாரும் சிரித்ததில்லை. ஆடித்தவசுக்கு ஊரெல்லாம் கூடும்போது, அம்மனுக்கு வருடத்துக்கு ஒரு தவசு, உனக்கு வருடம் பூராவும் தவசா என்று அதே எதிர்வீட்டு அம்மாளே அக்காவின் தலையைத் தடவி விட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதியது நான். ஒவ்வொரு சாமான் வாங்கியதும் ஒரு கடிதம் போகும். பிளாஸ்க் வாங்கியாச்சு, நம்ம நாட்டுது. மின்விசிறி வாங்கியாச்சு, நம்ம நாட்டுது. முடிவில் தவறாமல் ஒரு வரி: “எல்லாம் இங்கனயே கிடைக்கி.” அந்த வரியை மட்டும் ‘கிடைக்கிறது’ என்று இலக்கணம் பார்த்துத் திருத்த விடமாட்டார்கள். தான் பேசுகிற மாதிரியே அத்தான் காதில் விழ வேண்டும் என்பார்கள்.

ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. “யக்கா, வந்துருங்கன்னு நேராவே எழுதிரட்டுமா?” என்று கேட்டேன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “சீ, போ ஏட்டி. பத்துப் பேரு தங்குத ரூமு. எவன் கையில சிக்கி எவன் வாசிப்பானோ. பொம்பள அப்படியா எழுதுவா? இவ்வளவு சொல்லுதமே, அவியளுக்குத் தெரியாதா?”

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பேனாவை மூடினேன்.

இரண்டு வருடம் முடிந்தது. அத்தான் வரவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அக்கா கோபப்படவில்லை. வரிசையில் இன்னும் டேப்ரெக்கார்டர் பாக்கி இருக்கிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். நம் நாட்டு டேப்ரெக்கார்டரை யார் கேட்கிறார்கள் என்று மதுரைக் கடைகளில் கையை விரித்தார்கள். மூன்று தடவை மதுரைக்குப் போய் வந்தோம். நாலாவது தடவை கிடைத்தபோது அத்தான் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. அதையும் எழுதினோம். இனி வாங்குவதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் இங்கனயே கிடைக்கி என்று.

அந்தக் கடிதம் போன மாதத்திலேயே அக்காவுக்குக் கண் மஞ்சளித்தது. சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தந்தி கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பயந்துவிடுவார்கள், அந்தக் கடிதம் கிடைத்ததுமே எப்படியும் கிளம்பியிருப்பார்கள் என்றார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினார்கள். நினைவு தப்பிய பிறகுதான் நான் தந்தி கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் அக்கா போய்விட்டார்கள்.

கம்பெனிக்காரர்கள் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட் கைக்குக் கிடைத்து அத்தான் வந்து சேர்ந்தபோது, சாம்பல் கரைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. சாமான் ஏதும் கொண்டுவரவில்லையா என்று யாரோ கேட்டார்கள். கேட்டவர் யார் என்பது இங்கே வேண்டாம். அத்தான் வீட்டுக்குள் போய் மின்விசிறியைப் பார்த்தார்கள். டேப்ரெக்கார்டரைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்.

“எல்லாம் இங்கனயே கிடைக்கின்னு எழுதுனியேம்மா. ஒரு குறையும் இல்லாம இருக்கா, நான் இல்லாமலே வீட்ட நிமித்திட்டா, இன்னும் கொஞ்சம் சம்பாதிச்சிட்டு வந்தா அவளுக்கு நல்லதுதானன்னுல்லா நான் நெனைச்சேன்.”

“அத்தான், வந்துருங்கன்னுதான் அக்கா அப்படிச் சொன்னா.”

“அப்படி எழுதலியேம்மா.”

துணிப்பையிலிருந்து கடிதக் கட்டை எடுத்து அத்தான் என் முன்னால் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மாளுக்கும், கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே இருந்த அண்ணாச்சிக்கும், குருவிகுளத்திலிருந்து வண்டி கட்டி வந்த சொந்தபந்தங்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டது. அத்தான் துபாய்க்குத் திரும்பிப் போகவில்லை. பழைய லேத் பட்டறைக்கே வேலைக்குப் போகிறார்கள்.

உங்கள் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அத்தானை இனி யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள். வந்த கடிதம் ஒவ்வொன்றையும் அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாலு வருடக் கடிதங்களையும் எடுத்து வைத்து நான் தேடிப் பார்த்தேன். வாருங்கள் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. அத்தனையும் என் கையெழுத்து.