கம்ப்யூட்டர் லேத்துக்கு வைத்த பொட்டு

கணபதி என்ற ஊரில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறையொன்றில் பாலுசாமி பதினெட்டு வருஷம் லேத்து ஓட்டினார். கடைந்தெடுத்த ஷாஃப்டை விரலால் தடவியே அளவு சொல்வார். சொன்னது பாதி நேரம் சரியாகவும் இருக்கும். 1996இல் முதலாளி ரங்கராஜ் கம்ப்யூட்டர் லேத்து வாங்கினார். அதற்குக் கண்ணாடி அறை, அறைக்கு ஏசி.

"நம்மூட்ல ஃபேனே சுத்தறதில்லீங்க, அந்த மெஷின் அம்மணிக்குக் குளுகுளுன்னு கேக்குதாக்கும்" என்றாள் பாலுசாமியின் மனைவி மாசாணியம்மாள். முதலாளி அவள் புருஷனையே மூன்று வாரம் பெங்களூருக்கு அனுப்பிப் பழக்கி, அதே அறையில் உட்காரவைத்ததும் அம்மணியைக் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

மெஷின் கதவோரம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்ணாடிக் கண் உண்டு. கதவு சாத்தியிருக்கிறதா என்று அதுதான் பார்க்கும். அது பார்க்காமல் மெஷின் அசையாது. பாலுசாமி பெங்களூரில் கற்றதில் மறக்காதது இது.

அந்த வருஷ ஆயுத பூஜையில் பழைய லேத்துகளுக்கெல்லாம் ஆட்கள் பொட்டு வைக்க, புதுசுக்கு மட்டும் ரங்கராஜே வைத்தார். நெற்றி எங்கே என்று தேடியவருக்கு அந்தக் கண்ணாடிக் கண்தான் பொருத்தமாகப் பட்டது. ஒரு உருண்டைச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கண்மூடிக் கும்பிடுகிற முதலாளியிடம் மெஷினின் கண் மறைந்துபோனதைச் சொல்ல பாலுசாமிக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு. காலை முழுக்கச் சிவப்பு விளக்கு.

"எதையோ அமுக்கிப்போட்டயப்பா, பாலு" என்றார் ரங்கராஜ். நாளை பெங்களூர் இன்ஜினியர் வருகிறார், தப்பு பாலுசாமியுடையதென்றால் அப்புறம் கேட்டில் வாட்ச்மேன் வேலைதான் என்றும் சொன்னார். தப்பு முதலாளியுடையதென்று தெரிந்தால் வாட்ச்மேன் வேலையும் கிடைக்காது என்பது பாலுசாமியின் கணக்கு. பொட்டைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாமென்றால், ரங்கராஜ் மெஷின் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் பாலுசாமி துணிந்தார். "மொதலாளி, தப்பா நெனைக்கக்கூடாதுங்க. சந்தனம் காஞ்சு வெடிச்சுப்போச்சுங்க. வெடிச்ச பொட்டோட வேலையத் தொடங்குனா நல்லாவாங்க இருக்கும்? தொடச்சுப்போட்டுப் புதுசா வெச்சிரலாமுங்களா?"

ரங்கராஜ் முகம் கனத்தது. பிறகு தலையாட்டினார். பாலுசாமி ஈரத்துணியால் பயபக்தியோடு துடைத்தார். இரண்டு தரம் துடைத்தார்.

"இந்தத்தடவ கொஞ்சம் மேல வெய்ங்க. கீழயிருந்தா சட்டை பட்டு அழிஞ்சுபோகுமுங்க."

பொட்டு ஒரு சாண் ஏறியது. பச்சை விளக்கு எரிந்து, ஷாஃப்டு சுழன்றது. ரங்கராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்ஜினியர் வரவேண்டாமென்று போன் போனது.

பாலுசாமியின் இடம் நிலைத்தது. ஆனால் வருஷத்துக்கு ஒரு பொட்டு மெஷினுக்குப் போதாது என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். வெள்ளிதோறும் அவர் சந்தனக் கிண்ணத்தோடு நுழைய, பாலுசாமி எழுந்து கண்ணாடிக் கண்ணை முதுகால் மறைத்து நின்றுகொள்வார். பெங்களூரில் இதைச் சொல்லித்தரவில்லை.