சாமி கேட்ட கைப்பிடி

ஏழுமலை போய்விட்டார். காலையில் ஷிப்ட் பஸ் போகிற சத்தத்துக்கு நடுவே போன்... எடுத்தால் அவர் மனைவியின் அழுகை.

அவர் ஊர் முத்தாண்டிக்குப்பத்தில் எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, என்னவோ ஆபீஸுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு டீ சொல்லக்கூடத் தெம்பு இல்லை.

தெரியாதவர்களுக்காக... நெய்வேலியில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸில் நானும் அவரும் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் வரைவேன், அவர் சைட்டைப் பார்த்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் ஒரே வயது.

வருஷா வருஷம் கார்த்திகையில் மாலை போடுவார். மாலை போட்டவர்கள் எதிரே வருகிற எல்லோரையும் சாமி என்றுதானே கூப்பிடுவார்கள்... இவர் மாலையைக் கழற்றிய பிறகும் விடமாட்டார். வாட்ச்மேன் சாமி, டீக்கடை சாமி, நானும் சாமி.

"என்ன சாமி, சீசன்தான் முடிஞ்சிடுச்சே?" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"மாலை போட்டுகினு இருக்கறப்ப கண்ல படற எல்லாரையும் சாமின்றோம். கழட்டினவொடனே அதே ஆளு காண்ட்ராக்ட் லேபர் ஆயிடறான். அப்ப உள்ள இருந்த சாமி எங்க போச்சி?"

பக்தியெல்லாம் எனக்குக் கொஞ்சம் கம்மிதான். 'எம்பதி', அதாவது அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பது என்பதை நான் ஒரு ட்ரெய்னிங்கில் கற்றுக்கொண்டவன். சுவரில் கலர் கலராகச் சீட்டு ஒட்டிவிட்டு மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு வந்தேன்.

அவருக்கு அது விரதம். ஒரு வேலை வந்தால், அந்த இடத்துக்கு வரப்போகிற ஆளாகவே சில நாள் இருந்து பார்ப்பார்.

ஒருமுறை மைன்ஸ் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்புக்கு நான் பளபளவென்று ஸ்டீல் பெஞ்ச் வரைந்தேன். ஏசி ரூமில் வரைந்தது. சாம்பிள் பெஞ்ச் வந்து இறங்கியதும், முதல் ஷிப்ட் விடுகிற இரண்டு மணி வெயிலில் வெறுங்காலோடு நடந்து போய் அதில் உட்கார்ந்திருக்கிறார் மனிதர். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"உங்க பெஞ்சில தோசை ஊத்தலாம் சாமி. காலைலேர்ந்து மண்ணுல நின்னுட்டு வர்ற சாமி எங்க குந்துவாரு?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்டீலை எடுத்துவிட்டு மரப்பலகை போட்டேன். அவர் தன் வடையில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

இன்னொரு தடவை ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் படிக்கட்டு. பன்னிரண்டு கிலோ அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏறி இறங்கினார். "கொழந்த பேர் என்ன சாமி?" என்று ஆபீஸே ஓட்டித் தள்ளியது.

இந்த வருஷம், நோயாளிகள் வந்து போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு கிளினிக்கைப் புதுப்பிக்கிற வேலை. டோக்கன் கவுன்டரிலிருந்து பாத்ரூம் வரை நீளமான நடைவழி, சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ், வேறு ஒன்றும் கிடையாது. அந்த வெறுமைதான் அழகு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

டைல்ஸ் ஒட்டி முடித்த சமயத்தில்தான் ஏழுமலை மெதுவாக நடக்க ஆரம்பித்தார். ஆபீஸிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு... படியில் நின்று நின்று... சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு...

விரதத்தை ஆரம்பித்துவிட்டார் என்று எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். ஒருநாள் அவர் பின்னாலேயே அதே மாதிரி சுவரைப் பிடித்து நடந்தும் காட்டினேன்.

அவரும் சிரித்தார். "செவுத்துல ஒரு கைப்பிடி மட்டும் போட்டுடுங்க சாமி. டைல்ஸ் வழுக்குது."

"அடுத்த ரிவிஷன்ல பாத்துக்கலாம் சாமி."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இதையேதான் சொன்னேன். கைப்பிடி போட்டால் சுவரின் அழகு கெட்டுவிடுமாம்.

இன்று அவர் மனைவி சொன்னார். "நாலு மாசமா அந்த கிளினிக்குக்குதாங்கண்ணா போயிகினு இருந்தாரு. கல்லீரல்ல கட்டி வந்துடுச்சி. ஆபீஸ்ல தெரிஞ்சா சைட்டுக்கு அனுப்ப மாட்டாங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "அந்த செவுத்தத் தடவிகினேதான் நடப்பாரு. சாமி கைப்பிடி போட்டுடுவாரு, போட்டுடுவாருன்னு சொல்லிகினே இருந்தாரு."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சற்று முன்தான் அந்த டிராயிங்கைத் திறந்தேன். ஒரே ஒரு கோடு... பத்து நிமிஷ வேலை.

எந்த உயரத்தில் போடுவது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஆபீஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் மாதிரியே மெதுவாக நடந்து பார்த்தேன்.

எல்லோரும் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மரத்தில் போட்டிருக்கிறேன் சாமி. சுடாது, வழுக்காது.

பிடித்துக்கொண்டு மெதுவாகப் போங்கள்...