இடது இறக்கையின் மூக்கு

நாமக்கல்லில் லாரி கேபினுக்கு ஃபைபர் பாகங்கள் செய்வது என் தொழில். டிரைவரின் கண்ணாடிக்கு மேலே வெயிலை மறைத்துக்கொண்டு நீட்டியிருக்குமே, அந்த மாதிரி. போன மாசியில் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பெண் பட்டறைக்கு வந்தார். அவர் வீட்டு ரிக் லாரிகளுக்கு, ஆழ்துளைக் கிணறு தோண்டுபவை, நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர் விமானம் ஓட்டப் படித்தவர் என்பது அன்றுதான் தெரிந்தது.

“அண்ணா, பறக்கற ரெக்கைக்குப் பட்டி பார்ப்பீங்களா?”

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஓமலூர்ப் பக்கத்தில் ஓர் ஓடுதளத்தின் கொட்டகையில் அது நின்றது. இரண்டு பேர் உட்காரும் மோட்டார் கிளைடர். இன்ஜின் முதுகுக்குள் மடங்கிக் கிடக்கும். கிளம்பும்போது வெளியே நீட்டித் தானாகவே மேலேறும். உயரம் வந்ததும் நிறுத்தி உள்ளே மடக்கிவிட்டு, வெறும் இறக்கையில் மிதக்கும். வண்டியிலிருந்து இறக்கும்போது இடது இறக்கையின் முன்விளிம்பு, முனைக்குப் பக்கத்தில், கம்பத்தில் உரசியிருந்தது. அந்த விளிம்பை அவர்கள் மூக்கு என்கிறார்கள்.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தேன். என் பட்டறை அவ்வளவு நீளம் இல்லை. அகலமோ முனையில் ஒரு முழம்கூட வராது.

“ஏனுங்கம்மிணி, இத்தனை நீளம், இத்தனை ஒல்லி?”

“அடியில இருக்கற காத்து முனைவழியா மேல சுத்தி ஓடப் பார்க்குமுங்கண்ணா. அதுல வீணாகறது நம்ம உயரந்தான். நீளமா, ஒல்லியா இருந்தா அந்த நஷ்டம் கம்மி.”

பழுதுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒரு பொறியாளர் வந்து தட்டிப் பார்த்தார். பலம் தாங்கும் அடுக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேல்தோல்தான் என்றார். நான்கு நாள் பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, பளபளப்பாக்கிக் கொடுத்தேன். அவரும் பார்த்து ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் தனியாக மேலே போய்ச் சோதித்துவிட்டு இறங்கி வந்தார். முகம் சரியில்லை.

“ரொம்ப மெதுவாக்கினா முகப்பு நேரா கீழ போகோணும். இப்ப இடது ரெக்கை மட்டும் பொத்துனு உழுகுதுங்கண்ணா.”

எனக்குச் சுருக்கென்றது. வேறு காரணம் கிடைக்குமா என்று தேடினேன். முனையில் குனிந்து ஒற்றைக்கண்ணால் பார்த்தபோது கிடைத்தது. “அம்மிணி, ரெக்கையே முறுக்கிக்கிட்டிருக்குதுங்க!” என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே வலது முனைக்கு அழைத்துப் போனார். அங்கேயும் அதே முறுக்கு.

“வேணும்னே அப்படித்தானுங்க செய்வாங்க. முனை லேசா கீழ பார்த்த மாதிரி இருந்தா, வேகம் குறையறப்ப உடம்புப் பக்கம் மொதல்ல பிடியை விடும். முனை கடைசி வரைக்கும் காத்தைப் பிடிச்சிருக்கும்.”

அப்படியென்றால் நான் தொட்ட இடம் மட்டும் ஏன் முந்திக்கொண்டு விடுகிறது? வீட்டில் சாப்பிடும்போதும் அதே யோசனை. மறுநாள் வலது மூக்கின் வளைவை பிளைவுட்டில் வெட்டி, திருப்பி இடதில் வைத்தேன். பலகைக்கும் இறக்கைக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தது. மூக்கை நான் கூராக்கியிருந்தேன். லாரி வேலையில் விளிம்பு சீவினாற்போல் இருந்தால்தான் நல்ல கை என்பார்கள். என் கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. மொண்ணையான மூக்கைச் சுற்றிக் காற்று வழுக்கிப் போகும், கூராக இருந்தால் வளைய முடியாமல் பிரிந்துவிடும் என்றார் அந்தப் பெண். பொறியாளர் ஒரு நாள் முழுக்க என் பக்கத்திலேயே நிற்க, பலகை ஒட்டி உட்காரும்வரை மறுபடி பட்டி வைத்துத் தேய்த்தேன்.

இரண்டாம் முறை இறங்கியவர் கண்ணாடி மூடியைத் திறக்கும்போதே கத்தினார்: “நேரா உழுகுதுங்கண்ணா!” விழுவதை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு வாரம் கழித்து என்னை ஏற்றிக்கொண்டார். மேலே இன்ஜின் நின்று உள்ளே மடங்கியதும் காற்றின் சீறல் மட்டும். இறக்கை முனைகள் தோளுக்கு மேலாக வளைந்திருந்தன. பயத்தில் இருக்கையைப் பிடித்தேன். “வளையத்தானுங்க செஞ்சிருக்குது” என்று சொல்லிவிட்டு, விமானத்தைத் திருப்பும் குச்சியை என் கையில் கொடுத்தார். இடது பக்கம் சாய்த்தேன். இறக்கை இடப்பக்கம் சாய்ந்தது. முகப்போ முதலில் வலப்பக்கம் திரும்பியது!

“மேல ஏறுற ரெக்கை பின்னாடி இழுக்குமுங்க. நீள ரெக்கையில அது அதிகம். இடது கால் பெடலையும் சேர்த்து மிதிங்க.”

மிதித்தேன். ஒழுங்காகத் திரும்பியது.

“உழுகறதைக் காட்டட்டுங்களா?”

காற்று போகும் வழி கண்ணுக்குத் தெரிய, அன்று இடது இறக்கைமேல் கம்பளி நூல்துண்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தார். வேகத்தைக் குறைத்தார். சீறல் அடங்கியது. குச்சி நடுங்கியது. எங்கள் பக்கத்து நூல்கள் தாறுமாறாகப் புரண்டு முன்னால் திரும்பின. முனையில், நான் தேய்த்த இடத்தில், நூல்கள் படிந்தே கிடந்தன. பிறகு முகப்பு நேராகக் கீழே போனது.

“இன்னொருக்கா பண்ணுங்கம்மிணி,” என்றேன். மூன்று முறை பண்ணினார்.

இறங்கும்போது ஒவ்வோர் இறக்கையின் மேலும் ஒரு சிறு பலகை எழுந்து நின்றது. அது எதற்கு என்று கேட்டேன்.

“காத்துக்குப் பிரேக்குங்க. அது இல்லீனா இது கீழயே வராதுங்கண்ணா.”