நன்றிப் பக்கத்துக் கறுப்புக் கட்டை

பேய், சகுனம் எதையும் நம்புகிறவன் இல்லை நான். வேதியியல் படித்தவன், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் ஒப்புக்கொள்ளமாட்டேன். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

புனேயில் ஆய்வேட்டை முடித்துக்கொண்டிருந்தேன், இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ. லேடெக் என்கிற மென்பொருளில் அடிக்கிறபோது திரையில் வெறும் எழுத்தும் கட்டளையும்தான் இருக்கும், பக்கம் எப்படி வரும் என்று தெரிய ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆய்வகத்துப் பழைய கம்ப்யூட்டர் அதற்கு ஐந்து நிமிடம் எடுக்கும், அதனால் ‘டிராஃப்ட்’ என்று போட்டுத்தான் பிரிவ்யூ பார்ப்போம். படங்கள் வெறும் கட்டங்களாக வரும், சீக்கிரம் முடியும், எந்த வரியாவது ஓரத்தைத் தாண்டினால் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டை நிற்கும். வரியைச் சுருக்கினால் போய்விடும். மூன்று வாரமாக இதே வேலை, கண்ணெல்லாம் எரிச்சல், கோர்படியில் எடுத்திருந்த வாடகை அறைக்குப் போவதே குளிப்பதற்குத்தான்.

அன்று வியாழக்கிழமை, வாராவாரம் மின்வெட்டு நாள், பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும், மறுநாள் ஏட்டைக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டைகளும் போய்விட்டன, நன்றிப் பக்கத்தில் ஒன்று மட்டும் போகவில்லை. ‘உப்பு வியாபாரியான என் தந்தைக்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த வரி. பாதிப் பக்கத்திலேயே முடிகிற வரி அது.

பக்கத்து மேசை கதிரேசன் அண்ணன், மதுரைக்காரர், எட்டிப் பார்த்தார்.

“வரி பாதியிலயே படுத்துருச்சு, இது யாருக்குடா காவல் நிக்கிது?” என்றவர் வரியையும் படித்தார். “வியாபாரி மகனாடா நீ? மெஸ்ஸுக்கு ஒரு மூட்டை உப்பாச்சும் எறக்கிருக்கலாம்ல?”

“சின்ன வியாபாரம்தாண்ணே.”

அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். படிக்கப்போகிறவர்கள் பேராசிரியர்கள், கூலி என்று எழுதக் கை வரவில்லை.

அண்ணன் டீக்குப் போனதும் ‘உப்பளக் கூலி’ என்று மாற்றி ஓட்டினேன். கட்டை இல்லை. ‘வியாபாரி’ என்று போட்டேன், வந்தது. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. மணி ஒன்பது ஐம்பது. டிராஃப்டை எடுத்துவிட்டால் அச்சில் எந்தக் கட்டையும் வராது. எடுத்தேன், வியாபாரியை அப்படியே விட்டு அச்சடித்தேன். பக்கம் பளிச்சென்று வந்தது.

பட்டம் கிடைத்ததும் ஒரு பிரதியை ஊருக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. உப்பில் வெடித்த விரலால் பக்கம் பக்கமாகத் தடவிக்கொண்டே வந்தவர் நன்றிப் பக்கத்தில் நிறுத்தினார்.

“ஏல, இந்த எடத்துல என்னல கரி அப்பிருக்கு?”

குனிந்து பார்த்தேன். விரல் அந்த வரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எனக்கு வெள்ளைத்தாள்தான் தெரிந்தது.

“ஒண்ணுமில்லப்பா” என்றேன். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா யாரிடமாவது காட்ட அதை எடுத்துவைத்துக்கொண்டு, எச்சில் தொட்டு அதே இடத்தைக் கட்டைவிரலால் தேய்க்கிறார். தாள் நைந்து ஓட்டை விழப்போகிறது. கரி இன்னும் போகவில்லையாம்.