சம்பல் என்றால் இடப்பக்கம்

சுஜீதன் அகதியாகப் படகில் வந்து இறங்கியபோது அவனுக்கு வயது இருபது. டூங்கபி என்ற புறநகரில் ஓர் அறையும், பக்கத்து பிளாக்டவுனில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையும் கிடைத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவோரம் நடந்துபோகையில், தலைக்கவசம் போட்ட ஆட்கள் எறிந்த முட்டை வடிவப் பந்து வேலியைத் தாண்டி வந்தது. கிளிநொச்சியில் பள்ளி அணிக்கு விக்கெட் காத்தவன் அல்லவா, யோசிக்காமல் பாய்ந்து பிடித்தான். அடுத்த வாரமே அவன் தலையிலும் கவசம் ஏறியது.

ரக்பி என்று நினைத்துத்தான் சேர்ந்தான். அது அமெரிக்கன் ஃபுட்போல் என்பது பிறகுதான் தெரிந்தது. எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது அவன் வேலை. சில வருடங்கள் நன்றாகவே பிடித்தான். பிறகு ஒரு மோதலில் முழங்கால் தசைநார் அறுந்தது. இனி விளையாட முடியாது என்றார் டொக்டர்.

"கதிரையில இருந்து சுவரையே பாத்துக்கொண்டிருக்கப் போறீங்களோ?" என்றாள் மனைவி சிவகௌரி. "யூனிப் பிள்ளையளுக்கு கோச் இல்லையாம். போய்க் கேளுங்கோவன்."

போனான். அது பல்கலைக்கழகப் பெண்கள் அணி. முதல் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. அணித்தலைவி தாரிணி, ஸ்ட்ராத்ஃபீல்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், அழாக்குறையாக வந்தாள்.

"கோச், நாங்க கத்துறது எல்லாம் மற்ற டீமுக்கு விளங்குது. லெஃப்ட் எண்டா லெஃப்டில வந்து நிக்கினம்."

சுஜீதன் சிரித்தான். "அப்ப தமிழில கத்துவம்."

சம்பல் என்றால் இடப்பக்கம். புட்டு என்றால் வலப்பக்கம். இடியப்பம் என்றால் எல்லோரும் குறுக்கும் மறுக்குமாக ஓடவேண்டும். அணியிலிருந்த கொரியப் பெண்ணும் லெபனான் பெண்ணும் நாக்குச் சுளுக்கச் சுளுக்கப் பழகினார்கள்.

மறு பருவம் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் தாரிணி "இடியப்பம்!" என்று கத்தினாள். எதிரணி திகைத்து நிற்க, பந்து கோட்டைத் தாண்டியது. மோதும் சத்தம் கேட்டாலே கண்ணை மூடுகிற சிவகௌரி, கதிரைமேல் ஏறி நின்று விசிலடித்தாள்.

இறுதியாட்டத்தில் தோற்றார்கள். அன்றும் எல்லோரும் சுஜீதன் வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டு, சத்தம்போட்டுச் சிரித்தார்கள்.

அண்மையில் அவனுடைய பழைய அணி பயிற்சியாளராக வரச்சொல்லிக் கேட்டது. "சனிக்கிழமை பிள்ளையளுக்கு மட்ச் கிடக்கு, பிறகு பாப்பம்" என்று சிவகௌரியிடம் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனான்.