தாராளத்தில் ஒரு ஃபால்ட்டு

என் அத்தைக்கு அமையவிருந்த நல்ல இடத்தைக் கெடுத்தவன் நான். முதலில் தெரியாமல் கெடுத்தேன். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்து கெடுத்தேன். முதலாவதை யாரும் மன்னித்துவிடுவார்கள். இரண்டாவதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கூமாப்பட்டித் தோட்டங்களிலிருந்து கருகிப்போன பம்புசெட் மோட்டார்கள் வந்து இறங்கும். அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததாலோ என்னவோ, அப்பாவுக்கு எதன் வெளித்தோற்றத்தின் மேலும் நம்பிக்கை கிடையாது. இங்கிலீஷில் வரும் அன்பின் மேல் இன்னும் கூடுதல் சந்தேகம். மின்சார ஆபீஸ் தாள் ‘கைண்ட்லி’ என்று தொடங்கினால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துத் தாள் அப்படித் தொடங்கினால் ஃபீஸ். அந்த வார்த்தைக்கு ‘அன்போடு’ என்று பொருள் என்று நான் ஒருநாள் சொன்னபோது, “அன்பா இருக்கிறவன் அத எழுதிக் காட்டுவானாலே?” என்றார்.

அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு இருந்தாள். தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர் அவளைப் பெண் பார்க்க வந்தார். நகை, சீர் ஒன்றும் வேண்டாம் என்றார். கிளம்பும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. தன் குடையைக் கூட வந்த தரகரிடம் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தார். அத்தை ஜன்னலோரம் நின்று, அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள். அப்பாவும் பார்த்தார்.

“குடையக் குடுத்துட்டு நனையிறவனுக்கு மண்டையில கோளாறு இருக்கணும். இல்ல, மனசுல திட்டம் இருக்கணும்” என்றார்.

விசாரித்துவிடுவது என்று முடிவாயிற்று. மில் மேனேஜர் வடநாட்டுக்காரர். தமிழ் வராது. வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கும் என்னை அப்பா கூட்டிப்போனார். பஸ்ஸில் போகும்போதே “ஹவ் இஸ் ஹிஸ் கேரக்டர்?” என்று என்னைப் பலமுறை சொல்லிப் பார்க்க வைத்தார். மேனேஜர் அறையில் ஒப்பித்தேன். அவர் சிரித்தார். “வெரி கைண்ட் மேன். ஜெனரஸ் டு எ ஃபால்ட்” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அப்பா தோளைப் பிடித்தார்.

“என்னலே சொன்னாரு?”

“அன்பானவராம். தாராளமானவராம்.”

“பொறவு? கடைசில ஃபால்ட்டுன்னாரே. எனக்கே காதுல விழுந்துச்சே!”

எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவா அவ்வளவு தூரம் கூட்டி வந்தார்? “தாராளத்துல ஏதோ ஃபால்ட்டு இருக்காம்” என்றேன்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். ஃபால்ட்டு அவர் தொழில் வார்த்தை. “பாத்தியா! ஃபால்ட்டான மோட்டாரு வெளிய பளபளன்னுதான்லே இருக்கும். மில்லுச் சாமான எடுத்து ஊருக்குத் தாராளம் பண்ணுதான்போல.”

அன்று பஸ் ஸ்டாண்டில் எனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், “அந்த மேனேஜரு பூசி மெழுகிப் பேசுதாரு. இவன் டப்புனு பிடிச்சுட்டான்” என்று பெருமை பேசினார். தரகர் வெள்ளிக்கிழமை வருவார். அப்போது வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தார்.

திங்கட்கிழமை எங்கள் இங்கிலீஷ் டீச்சரிடம் அந்தச் சொற்றொடருக்கு அர்த்தம் கேட்டேன். “அது குறை இல்லடா. அளவுக்கு மீறித் தாராளமானவர்னு பாராட்டுறது” என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு நாள் இருந்தது. தினமும் சொல்ல நினைத்துக் கடைக்குப் போனேன். தினமும் அங்கே யாரோ ஒருவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். வியாழன் மாலை, துணி வெட்டிக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமல் கேட்டாள்.

“ஏலே, அந்த மேனேஜரு அவியளப் பத்தி நல்லதா ஒண்ணும் சொல்லலையா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“இல்லத்தை.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல” என்று எரிச்சலோடு சொன்னேன். அவள் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். மறுநாள் தரகரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருடம் அத்தையை வத்திராயிருப்பில் கொடுத்தார்கள். மாமா கெட்டவரில்லை. சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருப்பவர். தாராளத்தில் எந்த ஃபால்ட்டும் இல்லாத மனிதர் என்று அப்பா திருப்தியாக இருந்தார்.

தொண்ணூறுகளில் நான், வேறெதுவும் கிடைக்காததுபோல, இங்கிலீஷ் வாத்தியாராகவே ஆனேன். அந்தச் சொற்றொடர் ஒருநாள் பாடத்தில் வந்தது. பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினேன். மாமா வீட்டில் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்தாள்.

“தெரியும்லே” என்றாள். “நீ கேட்ட மறுநாளே உங்க டீச்சரு ஜாக்கெட் வாங்க வந்தாக. ‘உன் மருமகன் பெரிய பெரிய இங்கிலீஷுக்கெல்லாம் அர்த்தம் கேக்கான்’னு சொன்னாக. என்னதுன்னு கேட்டேன். அதையும் சொன்னாக.”

“அப்போ நீங்களே அப்பாட்டச் சொல்லியிருக்கலாமே?”

“நான் சொன்னா? மாப்பிள்ள மேல ஆசப்பட்டுப் பேசுதான்னு எங்கண்ணன் என்னய நிக்க வச்சுக் கேட்டிருக்கும். உன் வாயிலருந்துதான்லே வரணும். அதான் ரெண்டு வாட்டி கேட்டேன்.”

“சாரி, அத்தை” என்றேன். தமிழில் ஒன்றும் வரவில்லை.

“இதுக்கும் டீச்சர்ட்டப் போய் அர்த்தம் கேட்டுட்டு வா” என்றாள். பிறகு கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை பூட்டியிருந்தது.

அதற்குப் பிறகும் அத்தை எனக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. மாமா காலமான பின், அவளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். எனக்கும் வயதாகிவிட்டது, இரண்டு கிழங்களும் மெதுவாகவே நடக்கிறோம். டாக்டர் இங்கிலீஷில் எழுதுவதை நான் படித்து விளக்குவேன். தலையாட்டிக் கேட்பாள். மருந்துக் கடைக்கு வந்ததும் சீட்டைக் கவுண்டருக்குள் நீட்டி, “தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு நீங்க ஒருக்கச் சொல்லுங்க” என்பாள். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

அன்று ‘ஒண்ணுகூடவா?’ என்று அவள் இரண்டாம் முறை கேட்டபோது, என்னை நம்பாமல் கேட்கிறாள் என்று எரிச்சல்பட்டேன். அவள் என்னை நம்பிக் கேட்டது அதுதான் கடைசி முறை.