சுற்றிச் சுற்றி அதே தண்ணீர்

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. இன்றும் காலையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மூடி வைத்த பிறகுதான் எனக்குக் காப்பி. இங்கே குழாய் ஒருநாளும் நின்றதில்லை. "யாருக்கும்மா இது?" என்று மகள் தாரணி கேட்பாள். எரிந்து விழுவேன். வறண்ட வெள்ளகோவிலில் பிறந்தவளுக்குத் தண்ணீர்மேல் நம்பிக்கை வராது, அவ்வளவுதான்.

போன கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தோம். ஓர் அருங்காட்சியகம் பார்த்து, ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்றாய் என்று எழுதிவரச் சொல்லி, தாரணியின் பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அண்ணன்தான் பீளமேட்டுப் பக்கம் ஓர் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போனார். கக்கத்தில் ஒரு ஃபைல். தோட்டத்தை விற்க என் கையெழுத்து வேண்டும். திரும்பி வர ஓர் இடம் வேண்டாமா என்று மூன்று வாரமாக நான் பிடிகொடுக்கவில்லை.

அங்கே ஒரு பம்ப்பைக் குறுக்காக வெட்டிக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் உள்ளே சக்கரம் சுழன்று தண்ணீர் மேலேறித் தொட்டியில் விழும். அழுத்துவதற்கு முன் அண்ணன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மோட்டார் போடும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வதுதான்.

"மாமாவுக்குக் கண் வலிக்குதா?" என்றாள் தாரணி. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை.

அவள் விடாமல் அழுத்தினாள். "இது தீரவே தீராதா மாமா?"

"இது தீராதுங்க கண்ணு. சுத்திச் சுத்தி அதே தண்ணிதான். நம்ம தோட்டத்துல ஆயிரத்தி இருநூறடி போர் போட்டும் வெறும் புழுதிதான் வந்துச்சு."

தாரணி ஜெர்மனில் எழுதத் தொடங்கினாள். அறிவியல்: சக்கரம் சுழன்றால் தண்ணீர் ஏறும். கணக்கு: ஆயிரத்து இருநூறு அடி என்றால் முந்நூற்று அறுபத்தாறு மீட்டர். புவியியல்: மாமா வீட்டில் தண்ணீர் இல்லை. மொழி: புழுதி.

எட்டிப் பார்த்தேன். மூன்று வாரமாக நான் ஒப்புக்கொள்ளாததை இவள் நாலு வரியில் முடித்துவிட்டாளே!

"தென்னை அத்தனையும் காஞ்சுபோச்சு அம்மணி," என்றார் அண்ணன். "நீ வருவேன்னு எத்தனை நாளைக்குக் காவல் காக்கறது? வந்தாத்தான் குடிக்க என்ன பண்ணுவே?"

"நாளைக்கே போட்டுத் தர்றேங்கண்ணா," என்றேன்.

பழைய பத்திரத்தில் 'வெ. கலாமணி' என்று தமிழில் போட்டிருந்தேன். இப்போதெல்லாம் கணவர் பெயரோடு ஜெர்மன் எழுத்தில்தான் கையெழுத்து. விற்கவும் அதே கையெழுத்துதான் வேண்டுமாம், பழையது கைக்கு வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தாரணியின் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிப் பழகினேன். நாலாவது முறைதான் சரியாக வந்தது. மறுநாள் பத்திர ஆபீசில் ஒரே தடவையில் போட்டுவிட்டேன்.

அந்தத் தாள் இப்போது அவள் வகுப்பறையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பெற்றோர் கூட்டத்தன்று போய்ப் பார்த்தேன். முன்பக்கம் அவள் எழுதியதை எல்லோரும் நின்று வாசித்தார்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் நாலு முறை நான் இருக்கிறேன்.